பதர்

முதல் நாள் அவன் கேட்டது ஒன்றுதான்:
"குறட்டை விடுவீர்களா, வெர்னா?"

எனக்கு ஐம்பத்திரண்டு.
பயிற்சியாளன் டியோ பாக்காவுக்கு இருபத்தேழு,
பல்லில் இன்னும் கம்பி.
இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு திரை,
திரைக்குப் பின்னால் இரண்டடுக்குக் கட்டில்,
முழங்கால் உயர ஃபிரிட்ஜ்.
ஆறு வாரம் இதுதான் வீடு.

எஸ்கனாபாவில் காகித ஆலையை மூடியபோது
எனக்கு மிஞ்சியது
இருபத்தாறு வருஷத்து இரைச்சல்,
காதுக்குள், நிற்காமல்.
பிறகு பள்ளி, தேர்வு, உரிமம்.
உரிமம் சட்டைப்பையில் அடங்கிவிட்டது.
லாரி எழுபது அடி.

பின்னால் எடுக்கும்போது
வால் இடப்பக்கம் போக வேண்டுமென்றால்
ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடிக்க வேண்டும்.
புத்தி இதை ஒரு நிமிஷத்தில் ஏற்றுக்கொண்டது.
கை ஒத்துக்கொள்ளப் பதினொரு நாள் ஆனது.

ராலின்ஸ் நிறுத்தத்தில் இரவு ஒன்பது மணி.
காலியிடம் ஒன்றே ஒன்று,
இரண்டு பளபளக்கும் லாரிகளுக்கு நடுவே,
விழுந்த பல்லின் சந்து மாதிரி.
உணவகக் கண்ணாடிக்குப் பின்னால்
காபியும் கையுமாக ஆள் சேர்ந்துவிட்டது.
முதல் தடவை கோணல்.
இரண்டாம் தடவை அதைவிட.
"இறங்கிப் பாருங்கள்" என்றான் டியோ.
இறங்கினேன். பார்த்தேன். ஏறினேன்.
ஒரு முழம் நகர்த்தினேன்.
"இறங்கிப் பாருங்கள்."
வெட்கமாயிருக்கிறது என்றேன்.
"இருக்கட்டும். அதற்கு யாரும் பில் போட மாட்டார்கள்.
அந்த நீல லாரியின் கதவுக்குப் போடுவார்கள்."

ஒன்பது முறை இறங்கினேன்.
ஒன்பதாவதில் நீல லாரியிலிருந்து ஒரு பெண்
இரவு உடையும் ரப்பர் செருப்புமாக இறங்கி,
தன் பக்கக் கண்ணாடியை மடக்கிவைத்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல்
மறுபடி தூங்கப் போனாள்.

இரண்டு வாரம் கழித்து அதே சாலை.
சுமை, உருளைக்கிழங்கு சிப்ஸ்.
பெட்டி கூரைவரை நிரம்பியிருந்தும்
எடைமேடையில் எண்கள் ஏறச் சோம்பின.
உள்ளே பாதிக்குமேல் காற்று.
மலை ஏற ஏறப் பாக்கெட்டுகள் உப்பும்,
சிலது வெடிக்கும் என்று டியோ சொல்லியிருந்தான்.
எனக்குக் கேட்காது.
கேட்டுக்கொண்டே ஓட்டினேன்.

வெளியேயும் காற்றுதான்.
எல்க் மலைக்கு முன்னால் மின்பலகை:
எடை குறைந்த வண்டிகளுக்கு எச்சரிக்கை.
தடை என்று போட்டிருந்தால் நிம்மதி.
எச்சரிக்கை என்றால்
என் தலையில் எழுதிவிட்டார்கள்.

திரையில் அலுவலகம் ஒளிர்ந்தது:
டென்வரில் காலை ஏழு, சேர்ந்துவிடுவீர்களா?
நடுப்புல்லில் வெள்ளைப் பெட்டி ஒன்று
பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது,
பதினெட்டு சக்கரமும்
எங்களைப் பார்த்தபடி.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது
தூற்றுகிறவனுக்குச் சொன்னது.
முறத்திலிருந்து பறப்பவை
கனமில்லாதவை.
நாற்பதாயிரம் சிப்ஸ் பாக்கெட்டுகளும்
நானும்.

பின்னால் திரை அசையவில்லை.
அவன் தூங்கவில்லை என்று தெரியும்.
நான் ஓட்டும் இரவுகளில்
ஒருநாளும் தூங்கியதில்லை அவன்;
கட்டிலிலும் பூட்ஸைக் கழற்றாமல்
மூச்சை மட்டும் ஒழுங்காக விட்டுக்கொண்டு கிடப்பான்.
கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன்.
கேட்கவில்லை.

வால்காட் இறக்கத்தில் ஒதுங்கினேன்.
மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்பி நிறுத்தினேன்.
பிரேக் இழுத்ததும்
லாரி பெருமூச்சு விட்டது, நான் விடாததையும் சேர்த்து.
அலுவலகத்துக்கு இரண்டு வார்த்தை தட்டினேன்:
ஓட்ட மாட்டேன்.
கொஞ்சம் யோசித்து,
'காற்று' என்று சேர்த்தேன்.

திட்டுவானோ என்று காத்திருந்தேன்.
திரைக்குப் பின்னால்
தரையில் ஒரு பூட்ஸ் விழுந்தது.
சற்றுக் கழித்து
இன்னொன்று.

இரவெல்லாம் பெட்டி ஆடியது.
நான் கண்ணை மூடவில்லை.
அவன் விட்ட குறட்டையில்
என் காதுக்குள் ஓடும் ஆலை
கொஞ்ச நேரம் கேட்காமல் போனது.